தள்ளுபடி விலையில் சாஃப்ட்வேர் லைசன்ஸ்: மீதிப் பணத்தை எதைக் கொடுத்துக் கட்டுகிறோம்?

நண்பர் ஒருவர் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "வேர்டு திறக்குது, ஆனா டைப் பண்ண விடமாட்டேங்குது. ஒன்டிரைவ்ல இருந்த ஃபைலும் ஒண்ணும் வரல. கொஞ்சம் பாருங்க" என்றார். வேர்டின் மேல் ஓரத்தில் இருந்த பெயரைச் சொடுக்கிப் பார்த்தேன். பெயர் அவருடையதுதான். கீழே இருந்த மின்னஞ்சல் முகவரி அவர் வாழ்நாளில் கால் வைக்காத ஏதோ ஒரு கல்வி நிறுவனத்துடையது.

விசாரித்தேன். இரண்டு வருடங்களுக்கு முன்பு இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம், "ஆஃபீஸ், ஆயுள் முழுக்க, ஐந்து கணினிகளுக்கு" என்ற விளம்பரத்தைப் பார்த்து, அசல் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத தொகைக்கு வாங்கியிருக்கிறார். கைக்கு வந்தது ஒரு பயனர் பெயரும் தற்காலிக பாஸ்வேர்டும். பாஸ்வேர்டை மாற்றிவிட்டார். மாற்றியதுமே கணக்கு தன்னுடையதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

மைக்ரோசாஃப்டின் மேகச் சேமிப்பான ஒன்டிரைவில் இருந்த கோப்புகள் போய்விட்டனவே என்பது அவர் கவலை. இரண்டு வருடமாக அந்தக் கோப்புகள் யார் கைக்கெட்டும் இடத்தில் கிடந்தன என்பது என் கவலை. வங்கி அறிக்கை, பாஸ்போர்ட் ஸ்கேன், மருத்துவ அறிக்கை எல்லாம் அதற்குள் இருந்தன.

தள்ளுபடியில் லைசன்ஸ் வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவரவில்லை. நானும் வாங்குகிறேன். ஆனால் விலை குறைகிறது என்றால் அந்த மீதியை யாரோ ஏதோ ஒரு வகையில் கட்டுகிறார்கள். சில சமயம் நிறுவனமே கட்டும், சில சமயம் விளம்பரதாரர் கட்டுவார், சில சமயம் நாமே நம் தரவைக் கொடுத்துக் கட்டுகிறோம். எது என்று வாங்கும் முன்பே கண்டுபிடிப்பது எப்படி, தெரியாமல் வாங்கியிருந்தால் எப்படி வெளியே வருவது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

முதல் படி: தள்ளுபடி எங்கிருந்து வருகிறது?

விலைச்சீட்டைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இவ்வளவு குறைவாகக் கொடுப்பதால் இவருக்கு என்ன லாபம் என்பது. நேரடியான பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

மாணவர் விலை என்றால் லாபம் தெளிவு. படிக்கும்போது பழகிய மென்பொருளையே வேலைக்குப் போன பிறகும் கேட்பார்கள். பண்டிகைக்கால விலைக்குறைப்பு, பழைய பதிப்பை விற்றுத் தீர்ப்பது எல்லாம் சாதாரண வியாபாரம். பயன்படுத்திய லைசன்ஸை மறுவிற்பனை செய்வதும் எல்லா இடத்திலும் திருட்டு வேலை கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2012 ஜூலை 3 அன்று, மென்பொருள் நிறுவனமான ஆரக்கிளுக்கும் பயன்படுத்திய லைசன்ஸ்களை விற்கும் யூஸ்டுசாஃப்டுக்கும் இடையிலான வழக்கில், காலவரம்பின்றி விற்கப்பட்ட லைசன்ஸை வாங்கியவர் வேறொருவருக்கு விற்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. ஆனால் மொத்தமாக வாங்கிய லைசன்ஸைத் துண்டு போட்டு விற்கக் கூடாது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பல கீகள், அதாவது மென்பொருளை இயங்கவைக்கும் குறியீடுகள், இந்தத் துண்டு வகைதான்.

பதில் கிடைக்காத தள்ளுபடிகள் இன்னொரு ரகம். அசல் நிறுவனமே தராத விலையில் மூன்றாம் நபர் ஒருவர், எந்தத் தகுதியும் கேட்காமல், ஆயுள் முழுக்கத் தருகிறேன் என்கிறார். அங்கே நின்று நிதானித்து அடுத்த படிக்குப் போங்கள்.

இரண்டாம் படி: வருவது கீயா, கணக்கா?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

கீ என்பது எழுத்தும் எண்ணும் கலந்த 25 இலக்கச் சரம். அதை உங்கள் சொந்தக் கணக்கிலோ உங்கள் கணினியிலோ போட்டு ஆக்டிவேட் செய்கிறீர்கள். கீ போலியாக இருந்தால் பணம் போகும், சில மாதம் கழித்து ஆக்டிவேஷன் ரத்தாகும். எரிச்சல்தான், ஆனால் உங்கள் கோப்புகளுக்கு அதனால் ஆபத்தில்லை.

கணக்கு அப்படியில்லை. மைக்ரோசாஃப்ட் 365 போன்ற சேவைகளில் ஒரு நிறுவனமோ கல்லூரியோ தனக்கென ஒரு தனி இடத்தை வைத்திருக்கும். அதற்குள் எத்தனை பயனர் கணக்கு வேண்டுமானாலும் அதன் அட்மின் உருவாக்கலாம். மலிவு விற்பனையாளர் உங்களுக்குத் தருவது அப்படி உருவாக்கிய ஒரு கணக்கை. அடுக்குமாடிக் கட்டடத்தில் வாடகைக்கு இருப்பது மாதிரி. கதவுக்குப் புதுப் பூட்டு நீங்கள் போட்டாலும், கட்டடத்தின் மாஸ்டர் சாவி வேறொருவரிடம் இருக்கிறது.

மாஸ்டர் சாவி என்றால் என்ன செய்ய முடியும்? மைக்ரோசாஃப்ட் 365 அட்மின் பக்கத்தில் ஒரு பயனரின் பெயரைச் சொடுக்கினால், ஒன்டிரைவ் என்ற பிரிவில் அவருடைய கோப்புகளுக்கான இணைப்பை உருவாக்க ஒரு வசதி இருக்கிறது. சொடுக்கினால் இணைப்பு தயார், அதைத் திறந்தால் உங்கள் கோப்புகள். வேலையை விட்டுப் போனவரின் கோப்புகளை நிறுவனம் எடுத்துக்கொள்வதற்காக வைத்த வசதி அது, அந்த இடத்தில் நியாயமானதுதான். உங்கள் பாஸ்போர்ட் ஸ்கேன் அங்கே இருக்கும்போதுதான் பிரச்சினை. பாஸ்வேர்டை மாற்றி அமைப்பது, அஞ்சல்பெட்டியைத் தேடுவது, கணக்கையே நீக்குவது எல்லாம் அதே அட்மினால் முடியும். நீக்கிய பிறகும் ஒன்டிரைவ் கோப்புகள் வழக்கமாக 30 நாள் அட்மினின் பிடியில் இருக்கும், உங்களுக்குத்தான் தெரியாது.

இதைவிட மோசமான இடம் ஒன்று உண்டு. அப்படிப்பட்ட கணக்கில் முதல்முறை வேர்டுக்குள் நுழையும்போது ஒரு பெட்டி வரும். எல்லா ஆப்களிலும் உள்நுழைந்தே இருக்கட்டுமா என்று கேட்கும். அதற்குள், இந்தச் சாதனத்தை நிர்வகிக்க என் நிறுவனத்தை அனுமதிக்கிறேன் என்ற பொருளில் ஒரு டிக். பல பதிப்புகளில் அது ஏற்கெனவே போடப்பட்டே இருக்கும். பெரிய பொத்தான் "சரி" என்கிறது. இந்த ஆப்பில் மட்டும் உள்நுழைகிறேன் என்ற தேர்வு, கீழே சின்ன எழுத்தில், இணைப்பு மாதிரி கிடக்கிறது. யார் கண்ணில் படும்?

"சரி" அழுத்தினால் உங்கள் கணினியே அந்த நிறுவனத்தின் பட்டியலில் சேர்ந்துவிடும். அவர்கள் சாதன நிர்வாக வசதியை இயக்கி வைத்திருந்தால், தூரத்தில் இருந்தபடி விதிகளைத் திணிக்கலாம், கணினியையே அழிக்கவும் செய்யலாம். வட்டைப் பூட்டும் பிட்லாக்கரின் மீட்புச் சாவி அவர்கள் கணக்கில் போய் உட்காரவும் வாய்ப்பிருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவருக்கு இத்தனை அதிகாரத்தையும் ஒரே சொடுக்கில் கொடுத்திருப்போம், அதுவும் நம் காசைக் கொடுத்து!

ஆகவே வாங்கும் முன் விற்பனையாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதை என் சொந்த மின்னஞ்சல் கணக்கில் ஆக்டிவேட் செய்யலாமா?" "இல்லை, நாங்கள் ஒரு ஐடி தருவோம்" என்று பதில் வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். "கணினியில் ரிமோட்டாக நுழைந்து நாங்களே ஆக்டிவேட் செய்து தருகிறோம்" என்று சொன்னாலும் அதேதான்.

கல்லூரியோ அலுவலகமோ உங்களுக்கு முறையாகக் கொடுத்த கணக்குக்கும் இந்த இயக்கமுறை பொருந்தும். அங்கே அட்மின் யார் என்று தெரியும், கேட்கவும் முடியும். அதனால் பயப்பட வேண்டாம், கல்லூரி வேலைக்குத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். சொந்தக் கோப்புகளை மட்டும் அதில் வைக்காதீர்கள். படிப்பு முடிந்ததும் கணக்கும் போய்விடும்.

குடும்பத் திட்டத்தில் ஓர் இடத்தை அந்நியரிடம் வாங்குவது இதைவிடக் கொஞ்சம் தேவலாம். மைக்ரோசாஃப்ட் 365 குடும்பத் திட்டத்தில் ஆறு பேருக்கும் சேமிப்பிடம் தனித்தனி, ஒருவர் கோப்பை இன்னொருவர் பார்க்க முடியாது. ஆனால் கூகுள் குடும்பக் குழுவில் உங்கள் பெயர், படம், மின்னஞ்சல் முகவரி மற்றவர்களுக்குத் தெரியும். ஆப்பிள் குடும்பப் பகிர்வில் வாங்கியவற்றின் பட்டியலையும் இருப்பிடத்தையும் பகிரும் அமைப்புகள் இருக்கின்றன. உண்மையான குடும்பத்துக்காகச் செய்த ஏற்பாடு அது. தெரியாதவர்களோடு சேரத்தான் போகிறீர்கள் என்றால் அதற்கென்று தனிக் கணக்கு ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள்.

மூன்றாம் படி: தகுதிச் சான்று கேட்டால் எவ்வளவு கொடுப்பது?

மாணவர், ஆசிரியர், தொண்டு நிறுவனம் என்று தகுதியை வைத்துத் தரும் தள்ளுபடிகளில் யாரோ உங்களைச் சரிபார்க்க வேண்டும். அநேகமாக அது மென்பொருள் நிறுவனமாக இருக்காது. ஷீர்ஐடி போன்ற சரிபார்ப்பு நிறுவனங்கள் நடுவில் இருக்கும். யூனிடேஸ், ஸ்டூடன்ட் பீன்ஸ் போன்றவை சரிபார்ப்பதோடு நிற்காமல் மாணவர்களைப் பிராண்டுகளிடம் கொண்டுசேர்ப்பதையும் தொழிலாக வைத்திருக்கின்றன. ஆகவே படிக்க வேண்டிய தனியுரிமைக் கொள்கை ஒன்றல்ல, இரண்டு.

கல்வி நிறுவன மின்னஞ்சலிலேயே சரிபார்க்க வழி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். அதில் நீங்கள் கொடுப்பது ஒரு முகவரி மட்டும். அடையாள அட்டையை ஏற்றச் சொன்னால், அவர்களுக்குத் தேவை பெயர், நிறுவனத்தின் பெயர், நடப்பு ஆண்டைக் காட்டும் தேதி. பிறந்த தேதி, வீட்டு முகவரி, ரத்த வகை, பதிவெண், பின்பக்கத்து பார்கோடு எல்லாம் எதற்கு? மறைத்துவிடுங்கள். படத்தின் குறுக்கே, "இன்ன நிறுவனத்தின் சரிபார்ப்புக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதுங்கள். சில தானியங்கி முறைகள் மறைத்த படத்தை நிராகரிக்கும். அப்போது எதை மறைத்ததால் நிராகரித்தார்கள் என்று பார்த்து, ஒவ்வொன்றாகத் திறந்துவிடலாம். எடுத்த எடுப்பிலேயே முழு அட்டையையும் கொடுப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

சரிபார்ப்பு முடிந்ததும் ஆவணத்தை நீக்கச் சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆருக்கு உட்பட்ட நிறுவனங்கள் இப்படிப்பட்ட கோரிக்கைக்குப் பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

நான்காம் படி: விலை குறைந்த பதிப்பில் எந்த சுவிட்ச் இல்லை என்று பாருங்கள்

இலவசம், தனிநபர், தொழில்முறை, நிறுவனம் என்று ஒரே மென்பொருளை நான்கு விலையில் வைப்பார்கள். எந்த வசதி எதில் இருக்கிறது என்று ஒப்பிடும் அட்டவணையும் தருவார்கள். தரவு சேகரிப்பை நிறுத்தும் சுவிட்ச் எந்த விலையில் தொடங்குகிறது என்ற வரிசை மட்டும் அந்த அட்டவணையில் பெரும்பாலும் இருக்காது.

விண்டோஸையே எடுத்துக்கொள்வோம். செட்டிங்ஸில் தனியுரிமைப் பகுதியில் கண்டறிதல் தரவு என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஹோம், புரோ பதிப்புகளில் விருப்பத் தரவை நிறுத்தலாம், "தேவையான தரவு" என்ற அடிப்படை அளவை நிறுத்த முடியாது. அதையும் முழுக்க நிறுத்தும் கொள்கை அமைப்பு என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில்தான் செல்லும்.

நிரல் எழுதும் கருவிகளை விற்கும் ஜெட்பிரெயின்ஸ் நிறுவனம் இதைக் கொஞ்சம் நேர்மையாகவே செய்தது என்பேன். 2024 அக்டோபரில் வெப்ஸ்டார்ம், ரைடர் என்ற தன் கருவிகள் இரண்டையும் வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு இலவசமாக்கியது. அந்த லைசன்ஸில் இருப்பவர்கள் பெயர் குறிப்பிடாத பயன்பாட்டுப் புள்ளிவிவரம் அனுப்புவதை நிறுத்த முடியாது என்பதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கினால் நிறுத்தலாம். எனக்கு இது ஏற்கத்தக்க பேரம். எந்த மெனுவை எத்தனை முறை திறந்தேன் என்பதை அவர்கள் தெரிந்துகொள்ளட்டும். இன்னொருவருக்கு, குறிப்பாக ரகசியமான வேலை செய்பவருக்கு, அது சரிப்படாமல் போகலாம். முன்கூட்டியே சொன்னதால் இருவருமே யோசித்து முடிவெடுக்க முடிகிறது.

செயற்கை நுண்ணறிவுச் சேவைகளில் இந்த வித்தியாசம் இன்னும் கூர்மையானது. கூகுளின் ஜெமினி ஏபிஐயை (நம் நிரல்களிலிருந்து ஜெமினியை அழைக்கும் வழி) கட்டணமின்றிப் பயன்படுத்தினால், ஐரோப்பா போன்ற சில பகுதிகள் நீங்கலாக, நீங்கள் அனுப்பும் உரையைத் தங்கள் தயாரிப்புகளை மேம்படுத்தப் பயன்படுத்துவோம், மனிதர்களும் படிக்கக்கூடும் என்று விதிமுறை சொல்கிறது. கட்டணப் பயன்பாட்டில் அப்படிச் செய்வதில்லை. வாடிக்கையாளர் பட்டியலை இலவச அடுக்கில் ஒட்டிச் சோதித்துப் பார்க்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அடுத்த முறை கை நீளும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: "அடையாளம் நீக்கப்பட்ட தரவு" என்ற சொல்லை எவ்வளவு நம்பலாம்?

கொஞ்சம் வரலாறு. தரவைக் கொடுத்து விலையைக் குறைப்பது புதிதல்ல, அப்போது பேரம் கண்ணெதிரே நடந்தது. ஓபரா பிரவுசர் 2000ஆம் ஆண்டு முதல் 2005 செப்டம்பர் வரை, விளம்பரப் பட்டையோடு இலவசம், பட்டை வேண்டாம் என்றால் காசு என்று இரண்டு வடிவில் வந்தது. அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம் 2013 இறுதியில் ஆஸ்டினில் தொடங்கிய அதிவேக இணையச் சேவையில், நீங்கள் பார்க்கும் பக்கங்களைக் கவனித்து விளம்பரம் காட்ட ஒப்புக்கொண்டால் மாதம் 70 டாலர், மறுத்தால் 99 டாலர் என்றது. 2016இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. பிடிக்கிறதோ இல்லையோ, தனியுரிமையின் விலை 29 டாலர் என்று சீட்டிலேயே எழுதியிருந்தது.

சீட்டில் எழுதாத பேரத்துக்கு அவாஸ்ட் நல்ல உதாரணம். இணையத்தில் யாரும் உங்களைப் பின்தொடராமல் காப்போம் என்று சொன்ன ஆன்டிவைரஸ் நிறுவனம் அது. பயனர்கள் எந்தெந்தப் பக்கங்களைப் பார்த்தார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற தன் துணை நிறுவனம் வழியாக நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு விற்றது. 2020 ஜனவரியில் செய்தி வெளியானதும் ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்டிசி 2024இல் 1.65 கோடி டாலர் கட்டச் சொல்லி, உலாவல் தரவை விளம்பரத்துக்காக விற்பதற்கும் தடை போட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. பெயரையும் மின்னஞ்சலையும் நீக்கிவிட்டோம் என்றுதான் அவர்களும் சொன்னார்கள். ஆனால் ஒவ்வொரு சாதனத்துக்கும் மாறாத ஓர் எண் இருந்தது, ஒவ்வொரு சொடுக்குக்கும் நேரம் இருந்தது. ஒரே எண்ணின் கீழ் ஆறு மாத உலாவல் கிடைத்தால், இடையில் எங்காவது உங்கள் சொந்த சமூக ஊடகப் பக்கம் இருக்கும். அப்புறம் பெயர் எதற்கு?

ஆகவே கொள்கையில் "அடையாளம் நீக்கப்பட்டது" என்று பார்த்தால் அதோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். சாதன எண் வைத்திருக்கிறார்களா, எவ்வளவு காலம் வைத்திருக்கிறார்கள், யாருக்குக் கொடுக்கிறார்கள் என்ற மூன்றையும் தேடுங்கள்.

ஆறாம் படி: தனியுரிமைக் கொள்கையைப் பத்தே நிமிடத்தில் படிப்பது

முழுவதும் படியுங்கள் என்று சொல்லமாட்டேன், நானும் படிப்பதில்லை. பக்கத்தைத் திறந்து, கன்ட்ரோலும் எஃப் விசையும் சேர்த்து அழுத்தி, சில சொற்களை மட்டும் தேடுவேன். கொள்கை ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்பதால் ஆங்கிலச் சொற்களே: ஷேர் (பகிர்வது), செல் (விற்பது), அஃபிலியேட் (துணை நிறுவனம்), பார்ட்னர் (கூட்டாளி), ரீட்டெயின் (வைத்திருப்பது), டிவைஸ் ஐடென்டிஃபையர் (சாதன எண்), மெர்ஜர் (நிறுவனங்கள் இணைவது), ட்ரெயின் (செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி தருவது).

"செல்" என்ற சொல்லுக்கு அருகில் "உங்கள் தரவை நாங்கள் விற்பதில்லை" என்று இருந்தால், உடனே "ஷேர்" என்று தேடுங்கள். விற்காமல் பகிர்ந்துகொள்வது தனிக் கலை. "மெர்ஜர்" ஆயுள்கால லைசன்ஸ் வாங்குபவர்களுக்கான சொல். ஒரே தடவை பணம் வாங்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் சர்வர் செலவு செய்யும் சிறு நிறுவனம் ஒருநாள் கைமாறத்தான் செய்யும். கைமாறும்போது வாடிக்கையாளர் தரவும் சொத்துக் கணக்கில் சேர்ந்து போகலாம் என்று கிட்டத்தட்ட எல்லாக் கொள்கையிலும் எழுதியிருக்கும். இன்றைய உரிமையாளரை நம்பி வாங்கும்போது நாளைய உரிமையாளர் யாரென்று தெரியாது. ஆயுள்கால விலைக்கு நான் வாங்குவது கணினிக்குள்ளேயே இயங்கும் மென்பொருளை மட்டும்தான். விபிஎன், மேகச் சேமிப்பு, பாஸ்வேர்டு பெட்டகம் மூன்றையும் அப்படி வாங்குவதில்லை.

கலிஃபோர்னியாவின் நுகர்வோர் தனியுரிமைச் சட்டமான சிசிபிஏவால் ஒரு சுவாரசியமான வழி திறந்திருக்கிறது. தரவுக்கு ஈடாகத் தள்ளுபடி தரும் நிறுவனம், அந்தச் சலுகை பற்றிய அறிவிப்பில் வாடிக்கையாளர் தரவின் மதிப்பைத் தோராயமாகவாவது மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் வியாபாரம் செய்யும் பெரிய நிறுவனங்களின் கொள்கையில் "ஃபைனான்ஷியல் இன்சென்டிவ்" என்று தேடிப் பாருங்கள். பல இடங்களில் மழுப்பலாகத்தான் இருக்கும், ஆனால் மழுப்புகிறார்கள் என்பதுகூட ஒரு தகவல்தான்.

ஏழாம் படி: பணம் கட்டும்போது

இந்தப் படியைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். மின்னஞ்சலுக்கு மாற்று முகவரி ஒன்றைக் கொடுங்கள். ஆப்பிளின் ஹைட் மை ஈமெயில், ஃபயர்ஃபாக்ஸ் ரிலே, சிம்பிள்லாகின் மூன்றில் எதுவானாலும் சரி. ஒவ்வொரு விற்பனையாளருக்கும் ஒவ்வொரு முகவரி கொடுத்தால், குப்பை அஞ்சல் வரும்போது யார் கைமாற்றினார்கள் என்று முகவரியே காட்டிக்கொடுக்கும். ஜிமெயில் முகவரியில் கூட்டல் குறி போட்டு எழுதும் வழியும் உண்டு, ஆனால் அந்தக் குறிக்குப் பின்னால் இருப்பதை வெட்டியெறிவது யாருக்கும் எளிது. லைசன்ஸை மீட்க அந்த முகவரி பின்னால் தேவைப்படும் என்பதால், தானாக அழியும் தற்காலிக முகவரி வேண்டாம்.

அட்டைக்கு, உங்கள் வங்கி தந்தால், ஒருமுறை மட்டும் செல்லுபடியாகும் மெய்நிகர் அட்டை எண். இலவசச் சோதனைக்கு அட்டை கேட்டால் கட்டாயம் இதுதான்.

பிரவுசரில் சேர்த்துக்கொண்டால் கூப்பன் தேடித் தரும் எக்ஸ்டென்ஷன்களில் ஹனியை பேபால் 2020 தொடக்கத்தில் சுமார் 400 கோடி டாலருக்கு வாங்கியது. பயனருக்கு ஓசியில் கிடைக்கும் ஒன்றுக்கு அவ்வளவு மதிப்பு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். கடைகள் தரும் கமிஷனும், நாம் எங்கே என்ன தேடுகிறோம் என்பதை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பும்தான். இப்படிப்பட்ட எக்ஸ்டென்ஷன்களில் பல, எல்லாத் தளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கும். குரோமில் அந்த எக்ஸ்டென்ஷனின் விவரப் பக்கத்துக்குப் போய், தள அணுகலை "சொடுக்கும்போது மட்டும்" என்று மாற்றலாம். வங்கிப் பக்கத்தை அது பார்க்க வேண்டிய அவசியம் என்ன?

எட்டாம் படி: விலை மிகக் குறைந்த கீகளும் ஆக்டிவேட்டர்களும்

கீ என்றால் கோப்புகளுக்கு ஆபத்தில்லை என்று மேலே சொன்னேன். அதற்கு விதிவிலக்கு இரண்டு.

ஒன்று, கேஎம்எஸ். பெரிய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான கணினிகளைத் தங்கள் சொந்த சர்வர் மூலம் ஆக்டிவேட் செய்வதற்கான முறை இது. விண்டோஸ் கணினிகள் குறைந்தது 25 இருந்தால்தான் அந்த சர்வர் வேலை செய்யும். ஆக்டிவேஷன் 180 நாள் செல்லும், கணினி ஏழு நாளுக்கு ஒருமுறை சர்வரைத் தொடர்புகொண்டு புதுப்பிக்கப் பார்க்கும். விற்பனையாளர் ஒரு சர்வர் முகவரியைக் கொடுத்துக் கணினியில் பதியச் சொன்னால், வாராவாரம் உங்கள் கணினி அந்நியர் ஒருவரின் சர்வரிடம் போய்த் தன் பெயரையும் அடையாள எண்ணையும் ஐபி முகவரியையும் சொல்லிவிட்டு வருகிறது என்று பொருள்.

உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பார்க்க, கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, டி, எல், வி என்று அடித்து என்டர் தட்டுங்கள். சிறு பெட்டி ஒன்று வரும். அதில் "சேனல்" என்ற சொல்லுக்கு முன்னால் ரீட்டெயில் (தனியாக வாங்கியது) அல்லது ஓஇஎம் (கணினியோடு வந்தது) என்று இருந்தால் வீட்டுக் கணினிக்கு இயல்பு. "வால்யூம்" என்று தொடங்கினால் யாரோ ஒரு நிறுவனத்தின் லைசன்ஸ் உங்களிடம் இருக்கிறது.

இரண்டாவது விதிவிலக்கு, லைசன்ஸ் இல்லாமலே மென்பொருளை ஆக்டிவேட் செய்துவிடும் கேஎம்எஸ்பிக்கோ போன்ற ஆக்டிவேட்டர்கள். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இயக்குங்கள் என்பது அவற்றின் முதல் கட்டளையாக இருக்கும். 2021 டிசம்பரில், கேஎம்எஸ்பிக்கோ என்ற பெயரில் சுற்றிய ஒரு போலி நிறுவி கிரிப்ட்பாட் என்ற திருட்டு நிரலைக் கூடவே இறக்குவதை ரெட் கனரி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் கண்டறிந்து எழுதியது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு, கிரிப்டோ பணப்பை என்று அது அள்ளிக்கொண்டு போகும். வீட்டுக் காவலை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்துவைப்பதுதான் இது, வேறு சொல்ல ஒன்றுமில்லை.

ஒன்பதாம் படி: ஏற்கெனவே வாங்கிவிட்டேன், இப்போது என்ன செய்வது?

அவசரப்பட்டு எதையும் நீக்காதீர்கள். இங்கே வரிசை முக்கியம், மாறினால் உங்கள் கணினிக்குள் நீங்களே நுழைய முடியாமல் போகலாம்.

முதலில் கோப்புகள். ஒன்டிரைவ் கோப்புறையில் மேகச் சின்னத்தோடு இருப்பவை கணினியில் இல்லை, பெயர் மட்டும்தான் தெரிகிறது. எல்லாவற்றையும் இறக்கி வெளி வட்டு ஒன்றில் நகல் எடுங்கள்.

அடுத்து, பிட்லாக்கர் மீட்புச் சாவி. வட்டு பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, சாவியைக் காகிதத்தில் அச்சிடுங்கள் அல்லது யூஎஸ்பியில் சேமியுங்கள். இதைச் செய்யாமல் தாண்டினால், ஒருநாள் நீலத் திரையில் 48 இலக்க எண்ணைக் கேட்கும்போது அது அந்நியரின் கணக்கில் மட்டும் இருக்கும்.

மூன்றாவதாக, அட்மின் உரிமையுள்ள உங்கள் சொந்தக் கணக்கு ஒன்று அந்தக் கணினியில் இருக்கிறதா, அதன் பாஸ்வேர்டு நினைவிருக்கிறதா என்று ஒருமுறை வெளியேறி உள்நுழைந்து உறுதி செய்யுங்கள்.

இப்போது செட்டிங்ஸில் கணக்குகள் பகுதியில் வேலை அல்லது பள்ளி அணுகல் என்ற பக்கத்தைத் திறந்து, அந்தக் கணக்கின் இணைப்பைத் துண்டியுங்கள். ஆஃபீஸ் ஆப்கள் ஒவ்வொன்றிலும் வெளியேறுங்கள். எட்ஜ் பிரவுசரில் அதே கணக்கில் ஒத்திசைவு இயங்கிக்கொண்டிருந்தால், சேமித்த பாஸ்வேர்டுகளும் அங்கே போயிருக்கும் என்று எடுத்துக்கொண்டு, முக்கியமானவற்றை மாற்றுங்கள். கைபேசியில் அவுட்லுக்கில் சேர்த்திருந்தால் அங்கேயும் நீக்குங்கள். கடைசியாக, வட்டின் பூட்டை முழுவதும் அணைத்துவிட்டு மறுபடி பூட்டுங்கள். பழைய மீட்புச் சாவி அப்போது செல்லாக்காசு ஆகிவிடும்.

நண்பரின் கணினியில் இதையெல்லாம் முடிக்க ஒரு மதியம் முழுக்க ஆனது. பிட்லாக்கர் சாவி தப்பியது. மேகத்தில் மட்டும் இருந்த கோப்புகள் தப்பவில்லை. "யாராவது எடுத்துப் பார்த்திருப்பாங்களா?" என்று இரண்டு முறை கேட்டார். யார் எதைத் திறந்தார்கள் என்ற பதிவேடு அந்தச் சேவையில் உண்டு, ஆனால் அது அட்மினுக்குத்தான் தெரியும், அவருக்கோ எனக்கோ தெரியாது என்றேன். அட்டையை ரத்து செய்து புதிது வாங்கினார், பாஸ்வேர்டுகளை மாற்றினார். பாஸ்போர்ட் எண்ணை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது என்பதால், தன் பெயரில் யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்று அவ்வப்போது பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இப்போது லிப்ரெஆஃபீஸ் என்ற இலவச மென்பொருளில்தான் எழுதுகிறார். எழுத்துரு மாறிப்போகிறது என்று வாரத்துக்கு ஒருமுறையாவது போன் செய்து புலம்புகிறார்.